குதிரைச் சாவுக்குப் பம்பை

ஒன்பது மாதம். ஒரு பிள்ளையைச் சுமந்து பெற்றுவிடக்கூடிய காலம். அந்த ஒன்பது மாதமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல், மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை, ஆளில்லாத கல்யாண மண்டபத்தில் நான் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். மண்டபத்தில் ஆளில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியாது. மற்ற மூன்று பேருக்கும் தெரியும். இதை எழுதும்போதுகூடக் காது சூடாகிறது.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். கோபப்படுகிறவனுக்கு அதற்கான யோக்கியதை இருக்கிறதா என்று பார்ப்பது நியாயம்தானே?

1993-ல் விழுப்புரத்தில், ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் இருந்த ஒரு கேசட் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். காலிக் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடை. ஜனங்கள் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பாட்டுகளை எழுதி எடுத்து வருவார்கள். பாதிப் பேருக்குப் பாட்டின் முதல் வரியே தெரியாது. “மனசு சரியில்லீங்க. அதுக்குத் தகுந்தாப்பல எதுனா போட்டுக் குடுங்க” என்பார்கள். மனசு சரியில்லாததிலும் வகை உண்டு. பெண் கிடைக்காதவனுக்கு ஒரு கேசட், கிடைத்தவனுக்கு வேறு கேசட். ஆளின் முகத்தைப் பார்த்தே எந்தப் பக்கம் எதைப் பதிய வேண்டும் என்று சொல்லிவிடுவேன். இதைத் தலைக்கனம் என்று நீங்கள் நினைத்தால், ஆமாம், தலைக்கனம்தான். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அது.

ஒரே ஒரு முறை தவறு நடந்தது. மஞ்சள் நீராட்டு வீட்டுக்குப் போக வேண்டிய கேசட் கருமாதி வீட்டுக்கும், கருமாதி வீட்டுக் கேசட் மஞ்சள் நீராட்டு வீட்டுக்கும் போய்விட்டன. அன்று சாயங்காலமே இரண்டு வீட்டாரும் ஒரே நேரத்தில் கடைக்கு வந்தார்கள். கருமாதி வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தார். மஞ்சள் நீராட்டுப் பெண்ணின் தாய்மாமன் அப்படி இல்லை. நேராக என் சட்டைக் காலரைப் பிடித்தார்.

“இன்னாடா பேமானி, பொண்ண மணையில ஒக்கார வச்சிக்கினு பாட்டு போட்டா, வந்த சனம் அத்தினியும் மூக்க சிந்துது!”

அந்தக் காலர் கிழிந்த சட்டையை நான் பிறகு போடவில்லை. ஆனால் இந்தக் கதைக்கு அந்தச் சட்டை தேவைப்படும். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேசட் போய் சி.டி. வந்தது. சி.டி. போய் மெமரி கார்டு வந்தது. கடை என் கைக்கு வந்தது. இரண்டாயிரத்துப் பத்தைத் தாண்டியபோது நான் மொபைல் ரீசார்ஜ் செய்துகொண்டும், விரல் நகம் அளவு கார்டில் ஆயிரம் பாட்டு ஏற்றிக் கொடுத்துக்கொண்டும் இருந்தேன். கடைக் கணினியில் வகை வகையாக ஃபோல்டர்கள்: குத்து, சோகம், பஸ், டிராக்டர். டிராக்டருக்குத் தனிப் பாட்டா என்று கேட்காதீர்கள். உழுகிறவனுக்கு ஒரு வேகம், கரும்பு ஏற்றிப் போகிறவனுக்கு வேறு வேகம். அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிறவர்களுக்காக ‘மலையனூர்’ என்று ஒரு ஃபோல்டர். முழுக்கப் பம்பையும் உடுக்கையும். வேனில் அதைப் போட்டால் ஓட்டுநருக்கே சாமி வந்துவிடும் என்று ஒரு புகார்கூட வந்திருக்கிறது.

இப்படிப்பட்ட என்னை ஆட்டத்துக்குள் இழுத்தவன் என் பள்ளித் தோழன். கதைசொல்லி என்றே அவனை அழைக்கிறேன், ஆட்டத்தில் அவன் பதவி அதுதான். கொஞ்ச காலம் அவன் பொம்மையார்பாளையத்தில் கடற்கரை ஓரத்து விருந்தினர் விடுதி ஒன்றில் வேலை பார்த்தான். அங்கே ஒரு மழைக்காலத்தில் வெளியே போக முடியாத வெளிநாட்டுக்காரர்கள் நாலு பேர் அறைக்குள் உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். டீ கொண்டு போனவன் திரும்பி வரவில்லை. மழை விட்டு அவர்கள் ஊருக்குப் போகும்போது இவன் கையில் ஒரு தடித்த புத்தகமும் ஒரு பிடி பகடைகளும் இருந்தன.

ஆட்டம் எளிமையானது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக இருப்பார்கள். “கோட்டைக்குள் போகிறேன்” என்று நீங்கள் சொன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் சொல்வார். நீங்கள் வீசிய வாள் பட்டதா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். ஒன்று விழுந்தால் நாசம், இருபது விழுந்தால் யோகம். கதைசொல்லி வேலை மாறித் திண்டிவனம் போய்விட்டான். நான் விழுப்புரத்தில், என் கடைக் கணினியில். அதனால் மேசையை இணையத்தில் போட்டோம். திரையில் கட்டம் போட்ட ஒரு வரைபடம், அதன் மேல் எங்கள் பொம்மைகள், ஓரத்தில் பகடை, அதற்குக் கீழே பாட்டுப் போடுகிற பெட்டி. ஒருவர் போடுகிற பாட்டு எல்லோர் வீட்டிலும் கேட்கும். அவரவர் திரையில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் அவரவர்க்கு ஒரு கோடு உண்டு. அடுத்தவர் அதை எவ்வளவில் வைத்திருக்கிறார் என்று மட்டும் தெரியாது. இந்தக் கடைசி வாக்கியம்தான் என் வாழ்க்கையைக் கெடுத்தது.

இன்னும் இரண்டு பேர். ஒருவன் என் மச்சான், மனைவியின் தம்பி. ஓமந்தூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடுகிறவன். மகளுக்குப் பள்ளியில் கொடுத்த லேப்டாப்பில் ஆடுவான். வார நாட்களில் கொல்லையில் பன்றி விரட்டுகிறவன், ஞாயிறு மதியம் இரட்டை வாள் வீரன். இன்னொருவர் டீச்சர். கதைசொல்லி குடியிருக்கும் தெருவிலேயே வீடு. பள்ளியில் கணக்கு, மாதா கோயிலில் பாடற்குழு. அதிர்ந்து பேசத் தெரியாத அம்மா. எங்கள் ஆட்டத்தில் அதிகக் கொலை செய்தவர் அவர்தான். அவருடைய பாத்திரத்துக்கு ஒரு வெள்ளைக் குதிரை உண்டு. அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் இளகும்.

நானும் பாத்திரமாகத்தான் சேர்ந்தேன். திருடன். மூன்றாவது வாரம் தூங்குகிற ராஜாவின் மோதிரத்தைக் கழற்றப் போனேன். பகடையில் ஒன்று விழுந்தது. ராஜா எழுந்தார், நான் போனேன். அடுத்து ஒரு சாமியார். கிணற்றில் தண்ணீர் சேந்தும்போது ஒன்று விழுந்தது. பிறகு நானும் விழுந்தேன். மூன்றாவதாக ஒரு வேட்டைக்காரன். அவனை அவனுடைய நாயே கடித்துக் கொன்றது. அந்த ஆட்டத்தின் வரலாற்றில் அப்படி ஒரு சாவு நடந்ததே இல்லை என்று கதைசொல்லி சொன்னான். அடுத்த வாரம் தொலைபேசியில் அழைத்தான்.

“டேய், உனக்கு ஆளு வாணாம். மியூசிக் எடுத்துக்க. இந்த ஜில்லாவுலயே உன்ன மாதிரி பாட்டு தெரிஞ்சவன் யாருடா இருக்கான்?”

நம்பினேன். ஜில்லா என்றதும் நம்பிவிட்டேன்.

இரண்டு வாரம் கடையைச் சரியாகக் கவனிக்கவில்லை. ஏழு பட்டியல் தயாரித்தேன்: சந்தை, சத்திரம், பயணம், பயம் ஒன்று, பயம் இரண்டு, சண்டை, துக்கம். பயம் ஒன்று என்றால் எங்கோ ஏதோ இருக்கிறது. பயம் இரண்டு என்றால் அது உங்களுக்குப் பின்னால் நிற்கிறது. சந்தைக்காகக் காய்கறி மார்க்கெட்டில் போனை நீட்டிக்கொண்டு நின்று, “இன்னாத்த புடிக்கிற?” என்று ஒரு கீரைக்காரம்மாவிடம் திட்டு வாங்கிப் பதிந்தேன். குதிரைக் குளம்புக்குக் கொட்டாங்கச்சி. பயம் இரண்டுக்கு ஓர் ஓநாய் ஊளை தேடி எடுத்தேன். அதைக் கேட்டு நானே கடையின் பின்கதவைச் சாத்தினேன்.

தொடக்கத்தில் எல்லாம் ஜோராக இருந்தது. ஓநாய் ஊளையிட்டால் ஓமந்தூர்ப் பக்கத்திலிருந்து மச்சான் வீட்டு நாய் பதிலுக்குக் குரைக்கும். “அந்த நாய யாராச்சும் புடிங்கப்பா” என்று கதைசொல்லி கத்துவான். ஒரே ஒரு சிக்கல். அவன் அன்றைய கதையை எனக்கு முன்கூட்டியே சொல்லியிருப்பான். ஆர்வக்கோளாறில் நான் ஒரு நிமிடம் முந்திவிடுவேன். “சத்திரத்தில் ஒரு கிழவர் சிரித்தபடி உங்களை வரவேற்கிறார்” என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் பயம் இரண்டு ஓடத் தொடங்கிவிடும்.

“கத்தியெ உருவிக்கினேன்” என்பான் மச்சான்.

“அவர் இன்னும் ஒண்ணுமே பண்ணலியே?”

“மாமா பாட்ட மாத்திட்டாரில்ல? கெழவன் கேடி.”

டீச்சர் அதற்குள் கிழவரை வெட்டியிருப்பார்.

இப்படி மூன்று மாதம் போனது. பிறகு திடீரென்று எல்லாம் சரியாகிவிட்டது. மாசி மாதம் என்று நினைக்கிறேன். பயம் இரண்டைப் போட்டாலும் யாரும் கத்தியை உருவவில்லை. கிழவர்களை நம்பினார்கள். ஏமாந்தார்கள். நாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டது. என் கை படிந்துவிட்டது என்று நினைத்தேன். நல்ல பின்னணி இசை இருப்பதே தெரியக் கூடாது என்று மனைவியிடம் விளக்கினேன். அவள் கேப்பை மாவு சலித்துக்கொண்டே, “ம்” என்றாள். அந்த ‘ம்’மில் எவ்வளவு இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஐப்பசியில் குதிரை செத்தது.

ஒரு வருடமாக டீச்சரைச் சுமந்த குதிரை. அவர் பாத்திரத்தின் மேல் வந்த அம்பைத் தான் வாங்கிக்கொண்டு ஆற்றங்கரையில் சாய்கிறது. கதைசொல்லி குரலைத் தாழ்த்திக்கொண்டான். நான் அந்த நாளுக்காகவே ஒரு புல்லாங்குழலைத் துக்கப் பட்டியலில் முதலாவதாக வைத்திருந்தேன். அதே நேரத்தில் கடையில் ஒருவர் நின்றுகொண்டு மறுநாள் அமாவாசைக்காகக் கார்டு கேட்டுக்கொண்டிருந்தார். அவசரத்தில் நான் எதை எங்கே இழுத்துப் போட்டேனோ, குதிரை கடைசி மூச்சு விட்டபோது ‘மலையனூர்’ தொடங்கியது.

பம்பை என்றால் சாதாரணப் பம்பை இல்லை. ஊஞ்சல் உற்சவக் கூட்டத்தின் நடுவில் நின்று பதிந்த பம்பை. நான் மவுஸைத் தேடுவதற்குள் உடுக்கையும் சேர்ந்துகொண்டது. திரை உறைந்துவிட்டது. எட்டு நிமிடம் நிறுத்த முடியவில்லை. எட்டு நிமிடமும் டீச்சர், “அய்யோ, தண்ணியாவது குடிச்சிட்டுப் போயிருக்கலாமே அது” என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். மச்சான் மூக்கை உறிஞ்சினான். கதைசொல்லி, “ஆற்றில் நிலவு தெரிகிறது” என்றான். என் கடையில் கார்டுக்கு நின்றவர் கண்ணை மூடி லேசாக ஆட ஆரம்பித்திருந்தார்.

முதலில் அவர்களின் துக்கத்தை மெச்சினேன். பம்பைகூடக் காதில் விழாத துக்கம்! ஆட்டம் முடிந்து கடையைப் பெருக்கும்போதுதான் உறைத்தது. மச்சான் மூன்றாவது தெருவில் யாராவது வழுக்கி விழுந்தாலும் முதல் ஆளாகச் சிரிக்கிறவன். அவனா பேசாமல் இருந்தான்?

அடுத்த வாரம் சோதித்தேன். சண்டைக் காட்சிக்கு, பஸ் ஸ்டாண்டில் பதிந்த கண்டக்டர் குரலைப் போட்டேன். “திண்டிவனம், திண்டிவனம், ஏறுங்க ஜல்தி, பின்னால வழியில நிக்காத!” டீச்சர் அமைதியாக இரண்டு பேரை வெட்டினார். அதற்கு அடுத்த வாரம், “எத்தினி வாட்டி சொல்றது, சோறு ஆறுது” என்ற என் மனைவியின் குரலைப் போட்டேன். அவளுடைய சொந்தத் தம்பிக்குக்கூட அது கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் ஒன்றுமே போடவில்லை. வேலைநிறுத்தம். கையைக் கட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். யாராவது ஒருவர், “இன்னா, இன்னைக்குப் பாட்டு இல்லியா?” என்று கேட்டால் போதும், மன்னித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஐந்து மணிக்குக் கதைசொல்லி வரைபடத்தை மூடினான்.

“டேய், ஒண்ணு சொல்லணும். இன்னைக்கு மியூசிக் சூப்பர்டா. அந்த கொகை சீன்ல புல்லரிச்சிப் போச்சி.”

எனக்கு அந்தப் பழைய சட்டை ஞாபகம் வந்தது. காலரைப் பிடித்த தாய்மாமனின் முகம் வந்தது. எவ்வளவு நல்ல மனிதர்! தப்பான பாட்டைக் கேட்டார், கொதித்தார், பஸ் பிடித்து வந்து சட்டையைக் கிழித்தார். அதல்லவா மரியாதை! இவர்கள் என்னவென்றால், போடாத பாட்டுக்குப் புல்லரிக்கிறார்கள்.

“எந்த மியூசிக்டா?” என்றேன்.

“அதான், அந்த… புல்லாங்கொழலு.”

“நான் இன்னைக்கு ஒரு பாட்டும் போடல.”

ஓமந்தூர்ப் பக்கம் ஒரு கோழி மட்டும் கொக்கரித்தது.

“போன வாரம் என் பொண்டாட்டி கத்துனத போட்டேன். அதுக்கு மொத வாரம் கண்டக்டர போட்டேன். குதிர சாவும்போது மலையனூர் பம்பைய போட்டேன். எட்டு நிமிசம்!”

“பம்பையா?” என்றார் டீச்சர். “என் குதிரைக்கா?”

“ஆமா டீச்சர், உங்க குதிரைக்குத்தான்.”

பிறகு ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். முதலில் மச்சான்.

“மாமா, கோச்சிக்காத. நீ ஓநாய வுட்டா எங்க நாய் ஒரு மணி நேரம் கத்துது. ஆடு கயித்த அறுத்துக்கினு ஓடுது. நான் ஆட்டத்த பாக்கறதா, ஆட்ட பாக்கறதா? அதான் சத்தத்த சைபர்ல வச்சேன்.”

டீச்சரின் குரல் இன்னும் தாழ்ந்தது.

“அண்ணே, நான் தவக்காலத்துல பாட்டு கேக்கறதில்லன்னு ஒறுத்தல் எடுத்திருந்தேன். சாம்பல் புதன் அன்னிக்கி ஆஃப் பண்ணேன். அப்புறம் திரும்ப வைக்க மறந்துட்டேன்.”

“டீச்சர், ஈஸ்டர் முடிஞ்சி கிறிஸ்மஸே வரப்போவுது!”

“மறந்துட்டேண்ணே.”

தவக்காலத்தில் கறியை விடுவார்கள், எனக்குத் தெரியும். சினிமாவை விடுகிறவர்கள் உண்டு. இவர் என்னை விட்டிருக்கிறார். சரி, கடவுளுக்காக விட்டார், அதில் நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் ஈஸ்டர் அன்று கறியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்களா இல்லையா? எடுத்துக்கொண்டார்கள். பிரியாணியே செய்தார்கள், எனக்கும் ஒரு டப்பா வந்தது. அதைத் தின்ற என்னைத்தான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

கதைசொல்லி கடைசியாகப் பேசினான். “நீ பாட்ட மாத்துனாலே இவங்களுக்கு என் கதை தெரிஞ்சிடுதுடா. நான் ராத்திரியெல்லாம் ஒக்காந்து யோசிச்சி ஒரு கெழவன உண்டாக்குனா, நீ ஒரே பாட்டுல காட்டிக் குடுக்கற. அதான் நானும் எங்கிட்ட கம்மி பண்ணிட்டேன். இவங்களையும் கொஞ்சம் கம்மி பண்ணிக்கச் சொன்னேன்.”

“கொஞ்சம்?”

“கொஞ்சம்னுதான் சொன்னேன்.”

“அப்ப எனக்கு எதுக்குடா இந்த வேலை?”

அந்தக் கேள்வியோடு விட்டிருந்தால் கோபத்தோடு போயிருக்கும். மச்சான் எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாதவன்.

“அக்காதான் போன் பண்ணிச்சி மாமா. ஞாயித்துக்கெழம மனுசன் வூட்ல இருந்தா பேஜாரு பண்றாரு, ஆட்டத்துல ஆளு செத்துட்டான்னு அனுப்பிடாதீங்க, எதுனா ஒரு வேல குடுத்து ஒக்கார வைங்கன்னு.”

நான் கணினியை அணைத்தேன். ஒழுங்காகக்கூட அணைக்கவில்லை, பிளக்கைப் பிடுங்கினேன்.

பாட்டுக்காக மட்டும் வந்த கோபம் இல்லை அது. இந்த மேசையில் எனக்கு ஒரு நாற்காலி இருக்கிறதா, இல்லை வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள் என்று உட்கார வைத்திருக்கிறார்களா? எனக்குத் தெரிய வேண்டியது அதுதான். இருபது வருடம் ஊரில் உள்ளவன் மனசுக்கெல்லாம் பாட்டுத் தேடிக் கொடுத்தவனுக்கு, ஒரு பொய்யான வேலையைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதையும் என் வீட்டிலிருந்தே சிபாரிசு செய்திருக்கிறார்கள்.

மனைவியிடம் கேட்டேன். மறுக்கவே இல்லை.

“ஆமா, நான்தான் சொன்னேன். அந்த ஆளு நாய் கடிச்சி செத்த வாரம், நாள் பூரா பீரோவ எடம் மாத்துனீங்க. மூணு வாட்டி. எனுக்கு இடுப்பு போச்சி.”

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் ஆட்டத்துக்குப் போகவில்லை. பீரோவையும் தொடவில்லை, அது என் பிடிவாதம். கடையில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் எரிந்து விழுந்தேன். ஒரு பெரியவர் வந்து, “மனசு சரியில்ல தம்பி, எதுனா நல்ல பாட்டா ஏத்திக் குடு” என்றார். “எனக்குந்தான் சரியில்ல” என்றேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “இன்னா ஆச்சி?” என்று கேட்டார். சொன்னேன். குதிரை, பம்பை எல்லாம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “குதிர ஒன்னோடதா?” என்றார். இல்லை என்றேன். “பின்ன எதுக்கு அழுவற?” என்று சொல்லிவிட்டு, கார்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாவது ஞாயிறு காலை பதினோரு மணிக்குக் கதைசொல்லி கடை வாசலில் நின்றான். திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறான். கையில் ஒரு பை. அவித்த மல்லாட்டை. “ஒன் மச்சான் குடுத்தனுப்பினான்” என்றான்.

உடைத்துத் தின்றோம். சமாதானமாகிவிட்டேன் என்று அர்த்தமில்லை. மல்லாட்டையோடு எனக்கு விரோதமில்லை.

“ரெண்டு வாரமா காணோம்” என்றான்.

“யாரக் காணோம்? மியூசிக் நல்லாத்தான இருந்திச்சி?”

“போதும்டா.” தோலை ஊதினான். “நீ இல்லாம செரியில்ல. டீச்சர் நடுவுல பரீட்ச பேப்பர் திருத்தறாங்க. ஒன் மச்சான் உரத்தப் பத்தி பேசிக்கினு இருக்கான். கத்தறதுக்கு ஆளில்ல.”

“என் பொண்டாட்டி போன் பண்ணாளா?”

“இல்ல. சத்தியமா நானே வந்தேன்.”

நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. போடாத புல்லாங்குழலைக் கேட்டேன் என்றவன். “அப்ப எனக்கு ஆளு குடு” என்றேன்.

“மூணு ஆளு குடுத்தேன். மூணையும் கொன்ன. ஒருத்தன நாயக் கடிக்க வச்சி கொன்ன.”

“நல்ல ஆளு வாணாம். கெட்ட ஆளு குடு.”

அவன் மெல்வதை நிறுத்தினான்.

“நான் பாட்ட மாத்துனா அவங்க கத்திய உருவறாங்க. சந்த பாட்டு போட்டா நம்பறாங்க. அதாவது, நான் உண்மை மட்டுந்தான் பேசுவேன்னு அவங்களுக்கு ஒரு நெனப்பு.”

கதைசொல்லி, அன்று அந்த விடுதியில் டீ கொண்டு போனபோது எப்படிச் சிரித்திருப்பானோ அப்படிச் சிரித்தான். “சத்தத்த வைக்கணுமே அவங்க?”

“எம்மேல பரிதாபம் இருக்கில்ல? அத வச்சிக்கலாம்.”

மதியம் அவன் என் கடையிலிருந்தே ஆட்டத்தைத் தொடங்கினான். குரலில் அவ்வளவு துக்கம். “பாருங்க, அவன் ரொம்ப மனசு ஒடஞ்சி போயிருக்கான். நானே நேர்ல வந்து கெஞ்சி ஒக்கார வச்சிருக்கேன். தயவு செஞ்சி எல்லாரும் சத்தத்த முழுசா வைங்க.” டீச்சர், “வச்சிட்டேண்ணே, சத்தியமா” என்றார். மச்சான், “நாய கட்டிட்டேன் மாமா, நீ தாராளமா போடு” என்றான். அந்த அன்பைக் கேட்டு ஒரு கணம் மனசு இளகியது உண்மை. ஒரு கணம்தான்.

மலைப்பாதை. மழை. ஓரமாக ஒரு சத்திரம், உள்ளே விளக்கு. கதைசொல்லி எனக்குக் கண்ணைக் காட்டினான். நான் சத்திரம் பட்டியலைப் போட்டேன். சூடான கஞ்சி வாசனை வருவது மாதிரியான ஒரு வீணை.

“நல்லா கீது மாமா பாட்டு” என்றான் மச்சான். “நான் கவசத்த கழட்டி மாட்டிட்டு சாப்ட ஒக்காறேன்.”

“நானும்” என்றார் டீச்சர். “புதுக் குதிரைய வெளிய கட்டிடறேன். பயப்பட ஒண்ணுமில்லியே, பாட்டு அமைதியாத்தான இருக்கு?”

சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினேன். வீணையோடு குழந்தைச் சிரிப்பு ஒன்றைச் சேர்த்தேன். அதைச் சேர்த்தபோது நான் மனிதனே இல்லை. பிறகு, பாட்டுப் போட வந்ததிலிருந்து முதல் முறையாக, ஆட்டத்துக்குள் வாயைத் திறந்தேன்.

“நான்தான் இந்த மலையோட கொள்ளைக்காரத் தலைவன். குதிரைய அவுத்தாச்சி. கதவ சாத்தியாச்சி.”

பகடையை உருட்டினேன். நாலு. என் வழக்கத்துக்கு அது பெரிய எண். கவசம் கழற்றியவனுக்கு நாலே போதும்.

“அண்ணே!” டீச்சர் அலறினார். அந்தக் குரலில் அவர் அலறி நான் கேட்டதில்லை. “நீங்க சத்திரம் பாட்டுதான போட்டீங்க? வீணை வந்திச்சே! கொழந்த சிரிச்சிச்சே!”

“கேட்டீங்களா டீச்சர்?”

“கேட்டனே! கேட்டுத்தான கவசத்த கழட்டுனேன்! இது துரோகம்ணே!”

“மாமா, இன்னா ஆளு நீ?” மச்சான் கத்தினான். “அக்காட்ட சொல்றேன் இரு! நாய கட்டிப்போட்டு வந்து ஒக்காந்தேன் ஒனக்காவ!”

இரண்டு பேரும் மாறி மாறித் திட்டினார்கள். கணக்கு டீச்சர் வாயில் அந்த வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை. அதில் ஒன்றை எழுதினால் தவக்காலத்தில் அவருக்குக் கூடுதல் ஒறுத்தல் விழும். பக்கத்தில் கதைசொல்லி மல்லாட்டைத் தோலுக்கு நடுவில் தலையைக் கவிழ்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலர் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

வீணையை நிறுத்திப் பயம் இரண்டைப் போட்டேன். ஓநாய் ஊளையிட்டது. ஒரு நொடி கழித்து, ஓமந்தூர்ப் பக்கத்திலிருந்து, கட்டிப்போட்டிருந்த அந்த நாய் ஒன்பது மாதத்துக்கும் சேர்த்துக் குரைக்க ஆரம்பித்தது. பின்னாலேயே ஆடுகள்.

“நாய யாராச்சும் புடிங்கப்பா!” என்றான் கதைசொல்லி.

நான் சத்தத்தைக் கூட்டினேன்.